வெள்ளிக்கிழமை சுட்ட காலிபிளவர்

1

என் நாத்தனார் ஜெயராணி செஞ்சியிலிருந்து வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். "அண்ணி, போட்டோ பாத்தேன். இன்னா அண்ணி அது, கறியா, பூவா? கம்பி மேல வெச்சு சுட்டிருக்கீங்க, கருப்பு கருப்பா கோடு விழுந்து பாக்கவே எச்சி ஊறுது. எப்பிடி சுட்டீங்கன்னு சொல்லுங்க, நானும் பண்றேன். அந்த அம்மா யாரு, தட்ட கையில வெச்சிக்கினு சிரிக்கிறாங்களே, நம்ம நிஷாவுக்கு வரப்போற மாமியாரா?"

அவள் ஒருத்தி கேட்டிருந்தால் போனிலேயே சொல்லி முடித்திருப்பேன். சொந்தக்காரர்கள் குரூப்பில் ஆளாளுக்குக் கேட்டுவிட்டார்கள். சூப்பர் என்று ஒருத்தர், செம என்று ஒருத்தர், கட்டைவிரல், இதயம், எல்லாக் கண்ராவியும். அந்தப் போட்டோவை இப்போது பார்த்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. அதனால் காலிபிளவர் சுடுவது எப்படி என்பதையும், அந்த அம்மா யார் என்பதையும் சேர்த்து ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு யாரும் போன் போட்டு ஆறுதல் சொல்ல வேண்டாம்.

முதலில் பூ. கை வைத்தால் கல் மாதிரி இறுக்கமாக இருக்க வேண்டும். தொட்டால் உதிர்கிற பூ குழம்புக்குத்தான் ஆகும். செஞ்சி மார்க்கெட்டில் வாங்கினால் உள்ளே பச்சைப்புழு இருக்கும், அது உனக்கே தெரியும். இந்த ஜெர்மனியில் எனக்குத் தெரிந்து பூவில் புழு கிடையாது. ஆனாலும் மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் கொஞ்ச நேரம் முக்கி எடுக்காமல் அடுப்பில் ஏற்ற எனக்கு மனசு வராது. "இங்க புழு இல்லம்மா" என்று நிஷா சிரிப்பாள். நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

2

நாங்கள் இருக்கும் ஊரில் மாதம் ஒரு ஞாயிறு சர்ச்சில் தமிழ்ப் பூசை உண்டு. நடத்துவது இலங்கைத் தமிழர்கள். பூசை முடிந்ததும் கீழ்த்தளத்தில் டீயும் ரோல்ஸும் கொடுப்பார்கள். அங்கேதான் என் மகள் நிஷாவுக்கும் ஜோயலுக்கும் பழக்கம். ஜோயலை நான் குறை சொல்லவில்லை, அப்போது சொல்லவில்லை. கார் கம்பெனியில் வேலை. என்னைப் பார்த்தால் கையில் இருக்கும் பையை வாங்கிக்கொள்வான். என் வீட்டுக்காரர் சேவியரிடம் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மறக்காமல் கேட்பான். பெண்ணைப் பெற்றவளுக்கு வேறு என்ன வேண்டும்?

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நிஷா, "அம்மா, நானும் ஜோயலும் எங்களைக் கல்யாணம் செய்யப் போறோம்" என்றாள். அவளுடைய தமிழ் அப்படித்தான், ஜெர்மனுக்குத் தமிழ்ச் சட்டை போட்டது மாதிரி இருக்கும். வேறு நாளாக இருந்தால் திருத்தியிருப்பேன். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தேன். இந்தக் கல்யாணம் நல்லபடியாகக் கூடி வர வேண்டும் என்பதைத் தவிர அன்றிலிருந்து என் ஜெபத்தில் வேறு எதுவும் இல்லை.

ஜோயலின் அம்மா ஸ்டெல்லா. வேறு ஊரில் இருந்துவிட்டு இந்த வருஷம்தான் மகனோடு இருக்க வந்தார். அவரும் செஞ்சிப் பக்கம்தான், ஊர்ப் பெயரை எழுதவில்லை, உங்களில் யாருக்காவது சொந்தமாகிவிடப் போகிறார். பூசை முடிந்து டீ குடிக்கிற இடத்தில் ஜோயல் எங்களை அறிமுகம் செய்து வைத்தான். என் பேச்சைக் கேட்டதும் அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"செஞ்சியா! அய்யய்யோ, நம்ம ஊரு! எத்தினி வருஷமாச்சு அமலா இந்தப் பேச்சக் கேட்டு. பஸ்ல வர்றப்ப கோட்டை கண்ணுல பட்டுச்சுனா எனக்கு அழுவயே வந்துரும். டவுனா, கிராமமா?"

"கிராமம் அக்கா. வல்லம் போற வழியில."

ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"அட, அங்க எனக்குச் சொந்தமே இருக்குது. நீங்க எந்தப் பக்கம்? சர்ச்சுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

இந்தக் கேள்வியை வெளியூர்க்காரர் கேட்டால் அட்ரஸ் விசாரிக்கிறார் என்று நினைப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். சர்ச்சுக்கு மேற்கே ஊர், கிழக்கே காலனி. சாமி ஒன்று, சாமியார் ஒருத்தர், பூசை ஒன்று. கல்லறைக்கு மட்டும் நடுவில் சுவர். செத்த பிறகும் பக்கத்தில் படுக்கக் கூடாதாம். அந்தச் சுவருக்கு வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு வெள்ளை அடிப்பார்கள், அதைத்தான் என்னால் இன்று வரைக்கும் மறக்க முடியவில்லை.

"கிழக்கே அக்கா" என்றேன்.

"ஓ" என்றார். என் கையைப் பிடித்திருந்த கையை, டீ கப்பை எடுக்கப் போவது போல எடுத்துக்கொண்டார். கப்பை எடுக்கவில்லை. இன்றைக்கு ரொம்பக் குளிர் என்று சொன்னார். நானும் ஆமாம் என்றேன். கடல் தாண்டி வந்தவர்கள் அந்தக் கழிசடையை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருப்பார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

3

சம்பந்தம் பேசுவதற்கு முன்னால் இரண்டு குடும்பமும் ஒரு நாள் சேர்ந்து சாப்பிடலாம், பார்க்கில் கிரில் போடலாம் என்பது நிஷாவின் யோசனை. வீட்டு பால்கனியில் கரி மூட்டக் கூடாது. நான் ஒரு தடவை கருவாடு வறுத்ததற்கே கட்டட நிர்வாகத்திலிருந்து எச்சரிக்கை வந்தது, வாசனை அண்டை வீட்டாரின் நிம்மதியைக் கெடுக்கிறதாம். அவர்கள் தின்கிற சீஸ் வாடைக்கு யாரிடம் போய் நான் எழுதிக் கொடுப்பது?

பார்க்கில் சுடுவதற்கும் நகராட்சியில் அனுமதி வாங்க வேண்டும். அந்த அதிகாரி என் ஜெர்மனைக் கேட்டுவிட்டு, கண்ணாடிக்கு மேலே பார்த்துக்கொண்டே கேள்வி மேல் கேள்வி கேட்டார். எத்தனை பேர், என்ன அடுப்பு, சாம்பலை எங்கே கொட்டுவீர்கள், தீயணைக்கத் தண்ணீர் வைத்திருப்பீர்களா. கல்யாணத்துக்குக் கேட்கிற கேள்வியைவிட அதிகம். கடைசியில், கோடை முழுக்க இடம் நிரம்பிவிட்டது, ஒரு வெள்ளிக்கிழமை சாயந்தரம்தான் இருக்கிறது, ஒரே ஒரு அடுப்புக்குத்தான் அனுமதி என்றார்.

வெள்ளிக்கிழமை நம் வீடுகளில் கறி ஏது? தவக்காலம் இல்லாவிட்டாலும் தொடமாட்டோம். ஸ்டெல்லா அம்மாவும் அப்படித்தான் என்று ஜோயல் சொன்னான். அதனால்தான் காலிபிளவர். போன் போட்டுச் சொன்னேன்.

"காலிபிளவரா, நல்லதுதான்" என்றார். பிறகு, "அமலா, நாங்க எங்களுக்குன்னு ஒரு சின்ன அடுப்பு எடுத்தாந்துடறோமே. உனுக்கு எதுக்குச் செரமம்?" என்றார்.

"இன்னா செரமம் அக்கா, சுடப்போறது பூதான? ஒரு அடுப்புக்குத்தான் பெர்மிஷன் குடுத்திருக்கான். ரெண்டாவது வெச்சா ஃபைன் போடுவான்."

"சரி, அப்ப எங்க பூவ நாங்க கொண்டாறோம்" என்றார். வெறுங்கையோடு வரக் கூசுகிற மனுஷி என்று சேவியரிடம் மெச்சிப் பேசினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இனிமேல் செய்முறையைக் கவனமாகக் கேட்டுக்கொள். இலையை மட்டும் கிள்ளு, தண்டை வெட்டாதே. பூவைத் தண்டோடு சேர்த்து, மேலிருந்து கீழாக, இரண்டு விரல் கனத்துக்கு வில்லையாக நறுக்கு. தண்டுதான் வில்லையைப் பிடித்து நிறுத்தும். ஓரத்தில் உதிர்வதைப் பொரியலுக்கு வைத்துக்கொள். வெந்நீரில் முக்கி எடுத்ததைத் துணியில் பரப்பி நன்றாகக் காயவிடு. ஈரம் இருந்தால் சுடாது, சொதசொதவென்று ஆகிவிடும். கட்டித்தயிர், மிளகாய்த்தூள், தனியாத்தூள், இஞ்சி பூண்டு, எலுமிச்சைச் சாறு, உப்பு, கொஞ்சம் கடலை எண்ணெய், இவற்றைக் குழைத்து இரண்டு பக்கமும் பூசு. கடலை எண்ணெய்தான் வேண்டும், இங்கே விற்கிற ஆலிவ் எண்ணெயை ஊற்றினால் நம் காரத்துக்கு ஒட்டவே ஒட்டாது. ஒரு மணி நேரம் ஊறட்டும்.

4

வெள்ளிக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. கரி மேல் வெள்ளைச் சாம்பல் பூக்கும் வரைக்கும் எதையும் வைக்கக் கூடாது. சேவியர் விசிறிக்கொண்டிருந்தார், நான் கம்பியில் எண்ணெய் தடவி எங்கள் வில்லைகளைப் பரப்பினேன். ஸ்டெல்லா அம்மாவும் ஜோயலும் வந்தார்கள். அவன் அப்பா ஊருக்குப் போயிருந்தார். அந்த அம்மா ஒரு பையைத் திறந்து, அலுமினிய ஃபாயிலில் இரண்டு மூன்று சுற்று சுற்றிய பொட்டலங்களை எடுத்து, கம்பியின் ஓரத்தில் தள்ளி வைத்தார்.

சைவக்காரர்கள் கிரில்லுக்கு வரும்போது இப்படிச் செய்வது உண்டு. கறி சுட்ட கம்பியில் படக்கூடாது என்று ஃபாயிலில் சுற்றிக் கொண்டுவருவார்கள். அதில் எனக்கு வருத்தமே இல்லை, அது அவரவர் நாக்கு. ஆனால் இந்த அம்மா போன மாதம் பூசைக்குப் பிறகு, யாரோ இலங்கைக்காரர் வீட்டுக் கோழி ரோல்ஸை மூன்று தின்றதை நான் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு அடுப்பில் கறி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை. கம்பிகூடப் புதுசு. என் பூவும் காலிபிளவர், அவர் பூவும் காலிபிளவர். அப்புறம் எது எதன் மேல் படக்கூடாது என்று இந்தச் சுற்று?

அந்த யோசனை ஓடிக்கொண்டிருக்கும்போதே சேவியர் ஜூஸை ஊற்றி நீட்டினார். "வேணாங்க, எனக்கு இதுவே போதும்" என்று ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு சோடா டின்னை எடுத்து, அவரே திறந்து, டின்னில் வாய் வைத்துக் குடித்தார். டப் என்று அந்த மூடி திறந்த சத்தத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

எங்கள் அக்கா கல்யாணத்துக்கு மேற்கே இருந்து பெரிய மனுஷர்கள் நாலு பேர் வந்தார்கள். வந்ததே பெரிய மரியாதை என்று எங்களைப் பெற்ற நைனா ஓடினார். அவர்களுக்குச் சோறு போடக் கூடாது, இலை போடக் கூடாது. பெட்டிக்கடையிலிருந்து கலர் பாட்டில் வாங்கி வந்து, அவர்கள் கண் எதிரிலேயே மூடியைத் திறந்து கொடுக்க வேண்டும். கூட வாழைப்பழம், தோலோடு. நான்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். கெட்டியான மூடியும் உரிக்காத தோலும் இருந்தால்தான் அவர்களுக்கு நாங்கள் சுத்தம். குடித்துவிட்டு, "பொண்ணு நல்லாருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பந்தலில் எங்கள் ஆட்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். அதையெல்லாம் விட்டுத் தொலைக்கத்தான் நானும் சேவியரும் நர்சிங் படித்து இவ்வளவு தூரம் வந்தோம். நிஷாவிடம் இதில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பிள்ளை தலையில் எதற்கு அந்தச் சாக்கடையைக் கொட்ட வேண்டும் என்று இருந்துவிட்டோம்.

அவள் ஒன்றும் தெரியாமல் இடுக்கியை வைத்துக்கொண்டு நின்றாள். எங்கள் வில்லைகள் ஒரு பக்கம் கோடு விழுந்து சிவந்து, மசாலா வாசனை பார்க் முழுக்கப் போனது. ஒரு பக்கம் நன்றாகப் பிடித்த பிறகுதான் திருப்ப வேண்டும், ஜெயராணி, சும்மா சும்மா புரட்டினால் மசாலா எல்லாம் கம்பியோடு போய்விடும். நிஷா ஒரு ஃபாயில் பொட்டலத்தை ஓரமாகப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே பூ வெளுத்து, தண்ணீர் விட்டு, தொளதொளவென்று கிடந்தது.

"ஆன்ட்டி, இது சுடல. அவியுது. உள்ள மூடினா நெருப்பு எப்படி வரும்?"

"இருக்கட்டும்மா, நான் அப்பிடியேதான் சாப்புடுவேன்."

"இல்ல ஆன்ட்டி, நான் நல்லா பண்ணித் தரேன்."

பக்கத்தில் நின்ற ஜோயல், "நிஷா, வேணாம்" என்றான். அவள் கேட்கவில்லை. எல்லாப் பொட்டலத்தையும் பிரித்து, எங்கள் வில்லைகளுக்கு நடுவே இடம் இருக்கிற இடத்தில் எல்லாம் பரப்பி, மீதி மசாலாவை ஒரே பிரஷ்ஷால் எல்லாவற்றின் மேலும் பூசினாள். கொஞ்ச நேரத்தில் எது யாருடைய பூ என்று கடவுளுக்கே தெரியாது. அந்தப் பொம்பளையின் முகம் போன போக்கை நான் மட்டும்தான் பார்த்தேன். சிரிப்பு மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

நிஷா இரண்டு வில்லையைத் தட்டில் வைத்து அவர் கையில் கொடுத்தாள். "ஆன்ட்டி, சிரிங்க!" என்று போட்டோ எடுத்து, அப்போதே நம் குரூப்பில் போட்டாள். நீங்கள் எல்லாரும் இதயம் போட்டீர்களே, அதுதான்.

5

அவர்கள் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். அந்த அம்மாவுக்குத் தலைவலியாம். நாங்கள் சாம்பலைக் கொட்டி இடத்தைக் கூட்டும்போது, பெஞ்சுக்கு அடியில் அந்தத் தட்டு இருந்தது. மேலே ஒரு பேப்பர் நாப்கின். எடுத்துப் பார்த்தேன். இரண்டு வில்லையும் முழுசாக, ஒரு விள்ளல்கூடக் கிள்ளாமல், எறும்பு மொய்த்துக் கிடந்தது.

நான் முதியோர் இல்லத்தில் நர்ஸ். மலம், சளி, சீழ் எல்லாம் என் கை பார்த்திருக்கிறது. ஒரு நாளும் எனக்கு அருவருப்பு வந்ததில்லை. இந்த நாட்டுக் கிழவர் கிழவிகளுக்கு நான்தான் ஊட்டுகிறேன், ஆ காட்டி வாங்கிக்கொள்கிறார்கள். அந்தத் தட்டைப் பார்த்துத்தான் முதல் தடவையாக வந்தது. சீ, இதுவும் ஒரு ஜென்மமா!

"ஆன்ட்டிக்கு ரொம்பக் காரமா?" என்றாள் நிஷா.

சேவியர்தான், "சொல்லிடு அமலா. இனிமே மறைச்சு இன்னா ஆவப்போவுது?" என்றார்.

பெஞ்சில் உட்கார வைத்துச் சொன்னோம். இந்தப் பக்கம் அந்தப் பக்கம், கல்லறைச் சுவர், கலர் பாட்டில், ஃபாயில் எல்லாவற்றையும். அவளுக்கு முதலில் புரியவே இல்லை.

"ஆனா நாம எல்லாரும் கத்தோலிக்ஸ்தானே?"

"ஆமா."

"அப்ப நம்மகிட்ட எது அழுக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா."

தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மசாலா நகக்கண்ணில் இருந்தது. "ஜோயல் வேணாம்னு சொன்னான். சூடா இருக்கும், கை சுட்டுக்கும்னு சொல்றான்னு நெனச்சேன்" என்றாள். அப்புறம் அழுதாள். பெற்ற வயிறு எரிந்தது எனக்கு.

6

மறு வாரம் ஜோயல் வீட்டுக்கு வந்தான். பேசலாம் என்று நிஷாதான் கூப்பிட்டிருந்தாள். கரி இல்லாமல் வீட்டில் எப்படிச் சுடுவது என்று ஜெயராணி கேட்பாள், அதனால் இதையும் சொல்கிறேன். கனமான தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து, எண்ணெய் தடவி வில்லையை வை. தீயைக் குறைத்து மூடி போட்டு ஒரு பக்கம் வேகவிடு, பிறகு மூடியை எடுத்துவிட்டுத் தீயைக் கூட்டி இரண்டு பக்கமும் சிவக்க விடு. கடைசியில் சப்பாத்தி சுடுகிற கம்பி வலையில் வைத்து நெருப்பில் ஒரு காட்டுக் காட்டினால், கரியில் சுட்ட வாசனை வந்துவிடும். அப்படித்தான் அன்றைக்கும் சுட்டேன். என்ன கோபம் இருந்தாலும் வீட்டுக்கு வந்தவனை வெறும் வயிற்றோடு உட்கார வைக்க எனக்குத் தெரியாது.

தட்டை வாங்கிச் சாப்பிட்டான். ரசித்துத்தான் சாப்பிட்டான். "சூப்பர் ஆன்ட்டி" என்றான். பிறகு அவனே ஆரம்பித்தான்.

"அம்மா பழைய ஆளு ஆன்ட்டி. மாத்த முடியாது. நான் அப்படி இல்லன்னு உங்களுக்கே தெரியும். கல்யாணம் ஆயிட்டா நிஷா எங்க வீட்டு ஆளு, அப்ப ஒரு பிரச்சினையும் வராது. அவ சமைச்சா அம்மா சாப்பிடுவாங்க. இங்க வந்து சாப்பிடணும்னு மட்டும் யாரும் அவங்கள ஃபோர்ஸ் பண்ணாம இருந்தா போதும்."

எவ்வளவு நல்ல பிள்ளை மாதிரி சொல்கிறான் பாருங்கள்! என் மகளைக் கழுவி எடுத்துக்கொள்வானாம், எங்களை இந்தப் பக்கமே விட்டுவிடுவானாம். சேவியர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். பேச வேண்டியவள் நான் இல்லை.

நிஷா போனை எடுத்தாள். அவன் தட்டோடு உட்கார்ந்திருப்பதையும், இரண்டு பக்கமும் நாங்கள் இருப்பதையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்தாள்.

"உனக்கு அனுப்பிட்டேன். நீ உங்க அம்மாவுக்கு அனுப்பு. இவங்க வீட்ல சாப்பிடறேன்னு எழுது."

"இப்ப எதுக்கு நிஷா?"

"எப்ப அனுப்புவ?"

"கல்யாணம் முடியட்டும்."

"முடிஞ்சா அனுப்புவியா?"

அவன் போனை எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நிஷா எழுந்து போய் அவன் மடியிலிருந்த தட்டை எடுத்தாள். அதில் பாதி வில்லை மிச்சம் இருந்தது.

"கிளம்பு, ஜோயல்" என்றாள். அவளுடைய தமிழில் அன்றைக்குத் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.

அவன் போன பிறகு மூன்று பேரும் அடுப்படியில் நின்றுகொண்டே மீதியைச் சாப்பிட்டோம். காலிபிளவர் ஆறினால் நாறும் ஜெயராணி, சூட்டோடு தின்றுவிட வேண்டும். நிஷா அழுதுகொண்டே இரண்டு வில்லை தின்றாள். அப்புறம் இன்னும் ஒன்று கேட்டாள், சுட்டுப் போட்டேன்.

போட்டோவில் தட்டோடு சிரிக்கிற அந்த அம்மா நிஷாவுக்கு வரப்போகிற மாமியாரா என்று கேட்டிருந்தாய். இல்லை.